மூணாவது ஸ்டெப்பும் அப்பாவின் மடையும்

நேற்று ஆபீஸில் எனக்கு ஒரே ஒரு வேலை. மூணாவது ஸ்டெப்பை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தஞ்சாவூரில் இருக்கும் எங்கள் கம்பெனி, விவசாயிகளுக்கு அறுப்பு மெஷின் ஏற்பாடு செய்து தருகிறது. கம்ப்யூட்டரில் நாலு ஸ்டெப். முதலாவது, விவசாயியின் விவரத்தை எடுக்கும். ரெண்டாவது, பயிர் விளைந்துவிட்டதா என்று பார்க்கும். மூணாவது, மெஷினை ஒதுக்கும். நாலாவது, விவசாயிக்கு மெசேஜ் அனுப்பும்.

"மூணாவதுலதான் கோளாறு. அதை மட்டும் டெஸ்ட் பண்ணுங்க. விவசாயிங்க யாருக்கும் எதுவும் போயிடக் கூடாது," என்றார் மேனேஜர்.

நான் ஜாக்கிரதையான ஆள். பூட்டிய பூட்டைத் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவள். எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டு, அப்பா பெயரையும் நம்பரையும் மட்டும் போட்டேன்.

அப்பாவும் விவசாயிதானே என்று கேட்காதீர்கள். அப்போது தோன்றவில்லை!

திரையில் ரெண்டு பட்டன். 'இதை மட்டும் ஓட்டு.' 'இதிலிருந்து ஓட்டு.'

எதையும் பாதியில் நிறுத்த எனக்கு மனசு வராது. ரெண்டாவது பட்டனை அமுக்கினேன்.

மூணாவதுக்குப் பச்சை டிக். நாலாவதுக்கும் பச்சை டிக்! எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

பாதி டீயில் அம்மா போன்.

"ஏண்டி, நாளைக்கு மெஷின் அனுப்புறியாமே? உங்கப்பா மடையை வெட்டி வயல் தண்ணிய வடிய விட்டுட்டு நிக்கிறாரு!"

மெஷின் இறங்க வேண்டுமென்றால் வயல் காய வேண்டும். அது சரி. ஆனால் எங்கள் பயிர் இன்னும் கதிரே விடவில்லை! எங்கள் ஊர் கீழ்வேளூர் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. முறை வைத்து விடும் தண்ணீர் இப்போதுதான் வந்து வயலில் ஏறியிருந்தது. அதை விட்டால் அடுத்த முறை வரைக்கும் பயிர் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, மடையை அடைங்கப்பா! அது சும்மா டெஸ்ட்டு!"

"கம்பெனி பேர்ல வந்துச்சேம்மா. 'தண்ணீரை வடித்து வைக்கவும்'னு போட்டிருந்துச்சே."

"பயிர் பச்சையா நிக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. ஆனா நீ படிச்சவ. எங்கண்ணு என்ன படிச்சுருக்கு?"

"மொதல்ல மண்வெட்டியை எடுங்கப்பா," என்றேன்.

அதோடு முடியவில்லை. பெருமை தாங்காமல் அந்த மெசேஜை ஊர் வாட்ஸப் குரூப்பிலும் போட்டிருக்கிறார். 'எம் பொண்ணு ஏற்பாடு. எல்லாரும் வடிச்சிடுங்க.'

பயந்துகொண்டே குரூப்பைத் திறந்தேன். நல்லவேளை, யாரும் வடிக்கவில்லை. பக்கத்து வயல் செல்வம் பெரியப்பா மட்டும் பதில் போட்டிருந்தார்.

'பச்சைப் பயிரை அறுக்க மெஷின் எதுக்குய்யா? ரெண்டு மாட்டை அவுத்து விடு, போதும்.'

அந்தப் பெரியப்பாவின் வயல்தான் எங்களுக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. அப்பா வடித்த தண்ணீர் மொத்தமும் அங்கேதான் போய் நின்றது.

கூசிக்கொண்டே போன் போட்டேன். "பெரியப்பா, அந்தத் தண்ணி..."

"ஜோரா நிக்குது பாப்பா! உங்கப்பன் என்னைக் கேட்டா குடுத்தான்? சரி, அழுவாத. எஞ்சினை வச்சு எறைச்சு விடுறேன். டீசல் மட்டும் உங்கப்பனை வாங்கியாரச் சொல்லு."

சாயங்காலத்துக்குள் முக்கால்வாசித் தண்ணீர் எங்கள் வயலுக்குத் திரும்பிவிட்டது. மிச்சம் கால்வாசி பெரியப்பா வயலிலேயே தங்கிவிட்டது.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் அப்படியே ஒப்புக்கொண்டேன். தலையில் கை வைத்துக்கொண்டவர், கடைசியில் கேட்டார்: "சரி, மூணாவது ஸ்டெப் வேலை செய்யுதா?"

"செய்யுது சார்."

இப்போது சோதனைப் பட்டியலில் அப்பா நம்பர் இல்லை. இன்று காலையில் செல்வம் பெரியப்பாதான் போன் பண்ணினார்.

"பாப்பா, அடுத்த டெஸ்ட்டு எப்ப?"