ரிஜெக்ட் மாமாவும் மூன்று மில்லிமீட்டரும்

புனேயில் ரிஜெக்ட் மாமாவிடம் முதல் தடவையிலேயே தேறிய பொருள் என்று எதுவும் கிடையாது. தக்காளி தேறியதில்லை. தமிழ்ச் சங்கத்துச் சர்க்கரைப் பொங்கல் தேறியதில்லை. ஒருமுறை மழையே தேறவில்லை. "தூறல் ஒரே சீரா இல்ல" என்று குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

கட்கிப் பக்கம் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் "ரிஜெக்ட்" என்பார். காரணத்தை அப்புறம்தான் தேடுவார்.

"நல்லதுன்னு நெனச்சிப் பாத்தா கண்ணு தப்ப விட்டுரும்மா. கெட்டதுன்னு நெனச்சித்தான் பாக்கணும். குண்டு விஷயம் இல்லியா" என்று எனக்கு விளக்கினார். அப்போது அவர் கையில் இருந்தது ஒரு முருங்கைக்காய்.

ரிடையரான கையோடு கம்ப்யூட்டர் வாங்கினார். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். அந்த வருஷம் அவர் தயாரித்த தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரின் பி.டி.எஃப். ஃபைலை, கேம்ப் பகுதியில் இருந்த ஓர் அச்சகம் மூன்று முறை திருப்பி அனுப்பியது. ஊரையே ரிஜெக்ட் செய்தவருக்கு இன்னொருவன் ரிஜெக்ட் செய்ததைத் தாங்க முடியவில்லை. ஆறு மாதம் வெளியே தலைகாட்டாமல் படித்தார். அதன்பிறகு எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து எந்த ஃபைலும் அவர் கண்ணுக்குத் தப்பி அச்சகத்துக்குப் போனதில்லை.

ஐயப்ப பூஜை நோட்டீஸை வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்தால் அழகான தமிழ். அச்சகத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக இருந்தது. மாமா குருசாமியை நிற்கவைத்துக் கேட்டார்: "ஃபான்ட்ட ஃபைலோட சேத்து அனுப்பணும் சாமி. மாப்ளைய மண்டபத்துக்கு அனுப்பிட்டு வேட்டிய வீட்லயே வெச்சிக்கினா எப்பிடி?"

ஒரு வங்கி மேலாளர் தன் அறுபதாம் கல்யாணப் பத்திரிகைக்கு மெயிலில் வந்த சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருந்தார். அவருக்கான தீர்ப்பு பஸ் ஸ்டாப்பில் வாசிக்கப்பட்டது. "சார், உங்க மூஞ்சி மொசைக் தரையாட்டம் வருது. ரிஜெக்ட்." வரிசையில் நின்ற மராத்திக்காரர்கள்கூட மேலாளரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மகளின் கல்யாணப் பத்திரிகை போனது.

அதற்கு முந்தைய வருஷம் அவளுக்கு ஓர் இடம் நிச்சயமாகி, இரண்டே மாதத்தில் நின்றுபோயிருந்தது. நின்ற காரணம் இங்கே வேண்டாம். அந்தப் பத்திரிகையை ஒரு மாதம் உட்கார்ந்து நானே வடிவமைத்திருந்தேன். அச்சுக்குப் போகவில்லை, கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. அடுத்த இடம் கூடி வந்தபோது இன்னொன்று செய்ய எனக்குத் தெம்பில்லை. பழைய மாப்பிள்ளையின் பெயர் தங்க நிற அலங்கார எழுத்தில், பூ வளைவோடு சேர்ந்த படமாக இருந்தது. பெயரை மட்டும் எடுக்கத் தெரியவில்லை. அதன்மேல் ஒரு வெள்ளைக் கட்டம் போட்டு மூடி, புதுப் பெயரை எழுதினேன். திரையில் கச்சிதமாக இருந்தது. வீட்டு பிரிண்டரிலும் அப்படியே வந்தது. புது சம்பந்தியிடம் "ஏற்கெனவே ஓர் இடம் பேசினோம், அமையவில்லை" என்று மட்டும் சொல்லியிருந்தோம். நிச்சயம்வரை போனதை அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அச்சானதும் பத்திரிகையைக் கையோடு கொண்டுபோக அவர் அரக்கோணத்திலிருந்து வந்திருந்தார். அன்று மதியத்துக்குள் ஃபைல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். "நானும் வரேனே, இன்னா பண்றாருன்னு பாக்கலாம்" என்று எங்களோடு கிளம்பிவிட்டார். மாமா வீட்டில் அவரும் என் கணவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். நான் மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

"ரிஜெக்ட்" என்று ஆரம்பித்துவிட்டுத்தான் ஃபைலைத் திறந்தார். எழுத்து சரி. படம் சரி. "இப்ப மிஷின் கண்ணால பாக்கலாம்" என்று, அச்சில் எப்படி விழும் என்று காட்டும் ஒரு முறைக்கு மாற்றினார்.

வெள்ளைக் கட்டம் காணாமல் போயிற்று. என் மகளின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு மாப்பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் நின்றார்கள்.

இந்த மனிதர் வாயைத் திறந்தால் ஏழு வீட்டுக்குக் கேட்கும்.

"இன்னாங்க, எதுனா தப்பா?" சம்பந்தி கண்ணாடியைத் துழாவிக்கொண்டே எழுந்தார்.

மாமா நாற்காலியோடு திரும்பினார். அவருடைய அகலத்தில் திரை முழுசாக மறைந்தது. "மார்ஜின் மூணு மில்லிமீட்டர் கொறையுது. கட்டிங்ல கடைசி வரி போயிடும்."

"கடைசி வரியில யாரு பேரு?"

"உங்க பேருதான்."

சம்பந்தி உட்கார்ந்துவிட்டார். "அப்ப பொறுமையாவே பாருங்க. அவசரமே இல்ல."

"ஒரு அரை மணி ஆவும். முனையில வடா பாவ் நல்லா இருக்கும், ரெண்டு பேரும் சாப்ட்டு வாங்க" என்றார் மாமா. எந்த வடா பாவையும் அவர் நல்லது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அவர்கள் செருப்பு மாட்டி இறங்கினார்கள். மாமா எழுந்து நாற்காலியை எனக்குத் தள்ளினார்.

"வெள்ளைன்னா மிஷினுக்கு ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம்மா. நீ போட்ட கட்டம் ஓவர்பிரிண்ட்னு செட்டாயிருக்கு, அச்சுல நிக்காது, அடியில இருக்கறது அப்பிடியே மேல வந்துரும். மூடக் கூடாது, எடுத்துரணும். உக்காரு, எப்பிடின்னு சொல்றேன்."

நான் மவுஸைப் பிடித்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எந்தப் பட்டனுக்கு அப்புறம் எந்தப் பட்டன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திரையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அந்தப் பெயர் யாருடையது என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

கல்யாணம் நடந்தது. மகளுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். மூன்று மில்லிமீட்டருக்காக அரை மணி நேரம் காக்கவைத்த மனிதர் என்று என் கணவர் இன்றும் மாமாவைக் கிண்டல் செய்வார், சம்பந்தியும் சேர்ந்து சிரிப்பார். ஆமாம், பொல்லாத மனிதர்தான் என்று நானும் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைக்க அடுப்படிக்குப் போய்விடுவேன்.