சாம்பிள் குழம்பு

ஊர்ப்பட்ட பேரு பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிக்கிட்டு இருக்க, போடி மிளகு வியாபாரி எபனேசர் வீட்டுக்கு வெளிநாடே பெட்டி படுக்கையோட படிக்க வந்து இறங்குச்சு. பேரு லான். தேசம் வியட்நாம். வயசு பதினெட்டு. ஆளு முருங்கைக்காய் கணக்கா இருந்தா. எதைக் குடுத்தாலும் ரெண்டு கையாலயும் வாங்கி, தலையைக் குனிஞ்சு சிரிச்சா.

அவ அப்பாவும் மிளகு வியாபாரிதான். அங்கன அவரு, இங்கன இவரு. ரொம்ப வருசமாப் போன்லயே பழக்கம். ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச இங்கிலீஷை ஒண்ணாக் கூட்டிப் பெருக்கினாலும் ஒரு முழு வாக்கியம் தேறாது. ஆனா மிளகு விசயத்துல ஒரு சொல்லு பிசகினது கிடையாது. அந்த மனுசன் மகளுக்குக் கோயம்புத்தூர்ல ஒரு காலேஜுல சீட்டு வாங்கிட்டு, "பிள்ளை இதுவரைக்கும் ஊரை விட்டுப் போனதில்ல. காலேஜு தொறக்குற வரைக்கும் மூணு மாசம் உங்க வீட்டுல வச்சிருந்து, உங்க நாட்டுக்குத் தயார் பண்ணி விடுங்க"ன்னு துண்டு துண்டா எப்படியோ கேட்டுக்கிட்டாரு.

எபனேசருக்குத் தலைகால் புரியல. கோயில்ல ஆராதனை முடிஞ்ச கையோட, வீட்டு நடுக்கூடத்துல நின்னு பிரகடனம் பண்ணினாரு.

"ஏ கிருபா! இந்தப் பிள்ளையத் தயார் பண்ணுறது என் பொறுப்பு. ஒரு அந்நிய தேசத்துப் பிள்ளைக்கு என்னென்ன தெரியணுமோ அத்தனையும் நானே சொல்லிக் குடுப்பேன். இதுல நீ தலையிடவே கூடாது."

"ஆகட்டும்ங்க"ன்னா கிருபாவதி.

அந்த வீட்டுல 'ஆகட்டும்ங்க'ன்னு ஒரு சொல்லு விழுந்த நாளெல்லாம் எபனேசருக்கு ஏழரைதான். கல்யாணமான நாள்ல இருந்து கேட்டுக்கிட்டு இருக்காரு. இன்னைக்கு வரைக்கும் உறைக்கல, பாவம்.

இன்னொண்ணையும் இங்கனயே சொல்லிப்புடணும். அதுக்கு முந்தின வாரம் கிருபாவதி ஒரு பேச்சு எடுத்தா.

"ஏங்க, லான் சேரப் போற அதே காலேஜுல வாசனைப் பொருளைப் பத்தி ஒரு வருசப் படிப்பு இருக்காம். வயசு வரம்பு கிடையாதாம். தங்கிப் படிக்கணுமாம். சேரட்டா?"

"ஒனக்கு எதுக்குடி இந்த வயசுல படிப்பு?"

"இந்த வயசுல இல்லைங்க. மதுரையில சீட்டுக் கிடைச்சு, பெட்டியெல்லாம் கட்டி வச்சிருந்தேன். அன்னைக்குப் பாத்துத்தான் நீங்க பொண்ணு பாக்க வந்தீக."

எபனேசருக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. அதை மறைக்கச் சத்தமாச் சிரிச்சாரு.

"எனக்குப் பிடிச்ச மாதிரி சோறாக்க ஒரு ஆளைக் காட்டு. அப்புறம் நீ காலேஜுக்கு என்ன, நிலாவுக்கே போ!"

அவரு ஏன் அவ்வளவு தைரியமாச் சொன்னாருன்னா, அப்படி ஒரு ஆளு இந்தப் பள்ளத்தாக்குலயே பிறக்கல. கிருபாவதி மூட்டுவலின்னு படுத்தப்போ ரெண்டு சமையக்காரம்மா வந்தாக. ஒருத்தி சாம்பார்ல உப்புக் கம்மின்னு சொல்லி மனுசன் தட்டைத் தள்ளுனாரு. இன்னொருத்தி ரசத்துல உப்பே இல்லாத மாதிரி மூஞ்சியச் சுளிச்சாரு. ரெண்டு பேரும் சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டாக.

"வார்த்தைதானே?"ன்னு கேட்டா கிருபாவதி.

"எபனேசர் சொன்னா வார்த்தைதான்."

"நானும் கேட்டேண்ணே!"ன்னு மதில் சுவருக்கு அங்கிட்டு இருந்து ஒரு குரல் வந்துச்சு. பக்கத்து வீட்டு மாயக்காள். அந்தச் சுவரு அவளுக்குக் காது வளக்குறதுக்குன்னே கட்டின சுவரு.

சரி, பாடத்துக்கு வருவோம்.

முதல் பாடம், ரோட்டைக் கடக்குறது. "நம்மூரு டிராபிக்கு அந்தப் பிள்ளைக்குப் பழக்கம் இருக்காது"ன்னு எபனேசர் லானைக் கூட்டிக்கிட்டு தேனி பஸ் ஸ்டாண்டு முன்னால போயி நின்னாரு. "மாமா கையப் பிடிச்சுக்கோ. வலது பாரு, இடது பாரு, பயப்படாத." சொல்லி முடிக்கல, ஒரு கேரளா லாரி ஹாரன் அடிச்சுச்சு. எபனேசர் ரெண்டடி பின்னால குதிச்சு ஒரு இளநிக் கடையில முட்டிக்கிட்டு நின்னாரு. திரும்பிப் பாத்தா லானைக் காணோம். பிள்ளை நட்டநடு ரோட்டுல, ஆத்துத் தண்ணிக்குள்ள நடக்குற மாதிரி நிதானமா நடந்து போறா. பஸ்ஸு, ஆட்டோ, டூவீலரு எல்லாம் அவளைச் சுத்தி விலகிப் போகுது. அந்தக் கரையில போயி நின்னு இவரப் பாத்தா. அப்புறம் திரும்பி வந்து, ரெண்டு கையாலயும் எபனேசர் கையைப் பிடிச்சு, மறுகரைக்குக் கூட்டிக்கிட்டுப் போனா.

எபனேசர் அசந்து போயிட்டாரு. கடைக்கு வந்து எல்லார்கிட்டயும், "ஒரே பாடந்தான்! கப்புனு பிடிச்சுக்கிட்டா! வாத்தியாரு அப்படி!"ன்னாரு.

ரெண்டாவது பாடம் தமிழு. இவரு 'அம்மா, ஆடு, இலை'ன்னு ஆரம்பிச்சாரு. லானுக்குச் சுவரோரம் மாயக்காளோட பேசிப் பேசியே தமிழு வந்துருச்சு. ஒருநாளு காப்பி ஆறிப் போச்சுன்னு எபனேசர் கத்த, பிள்ளை இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "ஏன் மாமா, வெரசா வந்து குடிச்சா என்ன?"ன்னுச்சு. மனுசனுக்குப் புல்லரிச்சுப் போச்சு. வந்து மூணு வாரம் ஆகல! அவரு இங்கிலீஷு அம்பது வருசமா வீட்டை விட்டுக் கிளம்பாம இன்னும் கொண்டைய முடிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு.

அப்பத்தான் கிருபாவதி மெல்ல வந்தா.

"ஏங்க, ஹாஸ்டல்ல சோறு எப்படி இருக்குமோ என்னவோ. பிள்ளைக்கு நாலு குழம்பு, ஒரு ரசம் வைக்கத் தெரிய வேணாமா? சட்டை தேய்க்க, சிலிண்டர் மாட்ட?"

"ஆமா, ஆமா. சொல்லிக் குடு."

"நானா? நான் தலையிடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீக."

எபனேசரோ அடுப்புப் பத்த வைக்கிற லைட்டரு எந்தப் பக்கம் அமுக்கணும்னு தெரியாத மனுசன். ஆனா நடுக்கூடத்துப் பிரகடனத்தை எப்படி வாபஸ் வாங்குறது?

"சொல்லிக் குடுத்துட்டாப் போச்சு! இது என்ன பெரிய கம்பசூத்திரமா?"

அப்புறம் கிருபாவதியக் கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போயி, "சோத்துக்குத் தண்ணி எவ்வளவுடி?"ன்னு காதுல கேட்டாரு. அவளும் காதுலயே சொன்னா. அன்னையில இருந்து அதான் நடைமுறை. கிருபாவதி இவரு காதுல ஓதுவா. இவரு அடுப்படிக்குப் போயி லானுக்குச் செஞ்சு காட்டுவாரு. லான் ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு, கண்ணை அகட்டி வச்சுக்கிட்டு, "மாமா, மறுபடியும் ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, புரியல"ன்னு கேப்பா. இவரும் சளைக்காம மறுபடியும் செய்வாரு.

முதல் நாள் சோத்தை வச்சுத் தேர்தல் போஸ்டர் ஒட்டியிருக்கலாம். ரெண்டாம் நாள் சோத்தை ஆட்டுக்கல்லுல போட்டாத்தான் மசியும். ஆனா போகப் போகக் கை பழகிருச்சு. புளி கரைக்கப் பழகினாரு, தாளிக்கப் பழகினாரு. சட்டைக் காலரைத் தேய்க்கப் பழகினாரு. சிலிண்டர் மாட்டி, சோப்புத் தண்ணி தொட்டுக் கசிவு பாக்கக்கூடப் பழகினாரு. எல்லாம் லானுக்காக!

ஒருநாளு அடுப்படியில எட்டிப் பாத்தாரு. லான் வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தா. கத்தி போறதும் தெரியல, வர்றதும் தெரியல. வெங்காயம் பூவா விழுகுது. வாயப் பொளந்துக்கிட்டு நின்னாரு. 'எப்பேர்ப்பட்ட வாத்தியாரு நானு'ன்னு நினைச்சுக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அதுல பாதி வெங்காயத்தால வந்தது.

காலேஜு தொறக்கப் போகுது. எபனேசர் கடைசிப் பாடமா வெள்ளிக்கிழமை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வச்சுக் காட்டினாரு. சின்னமனூர்க் கத்திரிக்கா போட்டு, தானே அரைச்சு, தானே கூட்டி, தானே இறக்கினாரு. ஆனா சாப்பிட உக்காந்தப்போ கிருபாவதி தயிர்ச்சோறு போட்டா. "குழம்பை அப்படியே மாயக்காளுக்குக் குடுத்துட்டேங்க, ஆசையாக் கேட்டா"ன்னா. அவரும் போனாப் போகுதுன்னு விட்டுட்டாரு.

மறுநாளு பரீட்சை. "லான் தனியாச் சமைக்கணும். நான் மார்க்குப் போடுவேன்"னு சொல்லிட்டு, சாட்சிக்கு மாயக்காளையும் கூப்பிட்டு உக்கார வச்சாரு.

இலை விழுந்துச்சு. சோறு விழுந்துச்சு. குழம்பு விழுந்துச்சு. ஒரு வாய் பிசைஞ்சு போட்டாரு. கண்ணு தானா மூடிக்கிச்சு. நாலு விரலையும் சூப்பினாரு.

"அருமை!"

"நெசமாவாண்ணே?"ன்னா மாயக்காள்.

"நெசமாவாவது! புளியும் காரமும் அண்ணந்தம்பியா நிக்குது. இந்த வீட்டுல இப்படி ஒரு குழம்பு நான் சாப்பிட்டதில்ல. கிருபா, நீ கோவிச்சாலும் சரி, இந்தக் கைதான் கை! அருமை! அருமை!"

இங்கன ஒரு விசயம். எபனேசர் கடையில ஒரு சட்டம் உண்டு. வர்ற பார்ட்டி சாம்பிள் மிளகை வாயில போட்டுக் கடிச்சுப் பாக்கலாம். குறை இருந்தா அப்பவே சொல்லிப்புடணும். 'அருமை'ன்னு வாயில வந்துருச்சுன்னா சரக்கை எடுத்துத்தான் ஆகணும். ஒரு தடவை இவரே அடுத்தவுக ஏலக்காயை 'அருமை'ன்னுட்டாரு. மறுநாளே விலை பொத்துன்னு விழுந்துச்சு. ஆனாலும் பேசின விலைக்கே எடுத்தாரு. போடிக் கடைவீதியில அவரு தலை நிமிர்ந்து நடக்குறதே அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

கிருபாவதி கரண்டியைக் கீழ வச்சா.

"லானு, இந்தக் குழம்பு நீ வச்சியா?"

"இல்ல அத்தை. இது நேத்து மாமா வச்சது. கருவாட்டுக் குழம்பு மறுநாளுதான் ருசின்னு நீங்கதானே எடுத்து வச்சீக."

எபனேசர் மெல்லுறதை நிப்பாட்டினாரு. முதல்ல அவருக்குப் பெருமைதான் பொங்குச்சு. "நானா? நானா வச்சேன்?" தன் வலது கையைத் திருப்பித் திருப்பி, வேற யாரு கையையோ பாக்குற மாதிரி பாத்தாரு.

"நீங்களேதான். உங்க நாக்குக்குப் பிடிச்ச மாதிரி சோறாக்க ஆளு கிடைச்சாச்சு"ன்னா கிருபாவதி. "காலேஜுல பணங்கட்டிச் சேந்தாச்சுங்க. திங்கக்கிழமை நானும் லானோட கிளம்புறேன்."

அப்பத்தான் பாத்தாரு. கதவோரம் லான் பெட்டி. அதுக்குப் பக்கத்துல இன்னொரு பெட்டி.

"இரு கிருபா, இரு... யோசிச்சுப் பாத்தா புளி கொஞ்சம் தூக்கலாத்தான்..."

"அண்ணே!"ன்னு கையை நீட்டினா மாயக்காள். "அருமைன்னு மூணு வாட்டி சொல்லிட்டீக. இனிமே குறை சொல்லக் கூடாது. உங்க கடைச் சட்டம்."

எபனேசர் லானைப் பாத்தாரு. "ஏம்மா, நீயுமா? எத்தனை வாட்டி 'புரியல புரியல'ன்ன!"

லான் தலையைக் குனிஞ்சா. "எங்க வீட்டுல நான்தான் மாமா சமைப்பேன். சின்னப் பிள்ளையில இருந்தே. தெரியாத மாதிரி நில்லுன்னு அத்தை சொன்னாக. சமையலுக்குப் பயமில்ல. தனியா இருக்கத்தான் பயம். வந்த அன்னைக்கே அத்தைகிட்ட அழுதேன். 'நானும் கூட வர்றேன், அழுகாத'ன்னு சாடையிலயே சொன்னாக."

எபனேசர் மனைவியப் பாத்தாரு. அவ மூஞ்சி பதினெட்டு வயசு லானை விடச் சின்னப் பிள்ளையா இருந்துச்சு. கண்ணு மட்டும் பயந்துக்கிட்டு இருந்துச்சு, எங்க இவரு வார்த்தை மாறிப்புடுவாரோன்னு. ஆத்தாடி! மூணு மாசமா ஒரு வார்த்தை வெளிய விடாம, ஒரு ஆளைத் தேடிப் போகாம, இருக்குற ஆளையே வச்சு உருவாக்கிட்டாளே! தன் ஆயுசுல இப்படி ஒரு வியாபாரியைப் பாத்ததில்லைன்னு நினைச்சாரு. மனசு நிறைஞ்சு போச்சு. நெத்திலி முள்ளு சிக்கிருச்சுன்னு சொல்லித் தண்ணி குடிச்சாரு.

"எபனேசர் சொன்னா வார்த்தைதான். போயிட்டு வா, கிருபா. நல்லாப் படி."

திங்கக்கிழமை தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவரேதான் ரெண்டு பெட்டியையும் தூக்கிட்டுப் போனாரு. ரோட்டைக் கடக்கும்போது ஒரு பக்கம் லான், ஒரு பக்கம் கிருபாவதி கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாக. பஸ்ஸு நகரும்போது லான் தலையை வெளிய நீட்டி, "மாமா, நான் பாஸா, பெயிலா?"ன்னு கத்தினா.

"அதைக் காலேஜு சொல்லும்டீ. உங்க மாமா பாஸு!"ன்னா கிருபாவதி. பஸ்ஸு கெங்குவார்பட்டி பாதையில கோயம்புத்தூரைப் பாத்துக் கிளம்பிருச்சு.

எபனேசர் வெறும் கையோட போடிக்குத் திரும்பினாரு. வீடு வெறிச்சுன்னு கிடந்துச்சு. ஆனாலும் அவரு சும்மாவா? வியாபாரி மூளையாச்சே! 'கிருபா போகலாம்னுதானே வார்த்தை குடுத்தேன், நானே ஆக்கித்தான் திங்கணும்னு இல்லையே. இன்னைக்கு மாயக்காள் வீட்டுல போயி உக்காந்துட்டா, ஒரு வாய் போடாமலா இருப்பாக?' கதவைப் பூட்டிட்டு வெளிய வந்தா, வாசல்லயே மாயக்காள் நிக்கிறா. பின்னால அவ புருசன் கருத்தக்கண்ணன், திருவிழாவுல தொலைஞ்ச பிள்ளை கணக்கா, கையில ஒரு கிலோ வெங்காயத்தோட நிக்கிறாரு.

"அண்ணே, வியட்நாம் பிள்ளையவே தயார் பண்ணிட்டீக. இது உள்ளூர்ப் பிள்ளைதான். அடுத்த வருசம் எனக்கும் ஒரு படிப்பு இருக்கு, இன்னைக்கே ஆரம்பிச்சிருங்க."