ஐம்பத்தெட்டு கேட்டு ஜெயித்தேன்

ஐம்பத்தைந்தாவது வயதில் ரிடையர் ஆவது. மறுநாள் காலையிலிருந்து என் வீட்டை நானே நிர்வாகம் செய்வது. அந்த வருஷம் சித்திரை விஷுவன்று, குளித்து, புது வேஷ்டி கட்டிக்கொண்டு நான் எடுத்த தீர்மானம் இது. விசாலத்திடம் சொன்னேன். அவள் பாயசத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று நினைத்தேன்.

எங்களுடையது மிளகு, சுக்கு, ஏலக்காய்க்குத் தரம் பார்த்து முத்திரை குத்தும் ஓர் அரசாங்க வாரியம். கிளை ஆபீஸ் மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுன் போகிற வழியில். தும்மாமல் ஒரு ஃபைலைப் படித்து முடித்தவன் அங்கே கிடையாது. நான் ஹெட் கிளார்க். அதைவிட முக்கியம், யூனியன் செயலாளர். வாரியத்துக்குத் தனிச் சட்டம் என்பதால் சம்பளம், பென்ஷன், ரிடையர் ஆகும் வயது எல்லாம் டைரக்டரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவாகும். பேசுகிறவன் நான். "வைத்தீஸ்வரன் பேச ஆரம்பித்தால் எதிராளி தண்ணீர் குடிப்பான்" என்று எழுபதுகளில் எங்கள் ஆபீஸில் எனக்கு ஒரு பெயர் உண்டு. வீட்டில் அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

அந்தத் தடவை விஷயம் முற்றிவிட்டது. பென்ஷனை உயர்த்தச் சொன்னோம். டைரக்டர் அனந்தநாராயணன் கையை விரித்தார். ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்துத் தலைமை ஆபீஸில் கடைசிப் பேச்சுவார்த்தை. முறிந்தால் திங்கட்கிழமை ஸ்டிரைக். எனக்கோ அடுத்த மாதம் ஐம்பத்தைந்து முடிகிறது. ஸ்டிரைக்கின் நடுவே ரிடையர் ஆகிறவனுடைய பென்ஷன் காகிதம் எந்த அலமாரியில் போய்த் தூங்குமோ, யார் கண்டார்கள்? நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகத்தான் ஒரு திட்டம் போட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் விசாலம் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"விசாலம், நாளைக்கு நான் பென்ஷனைப் பத்திப் பேசவே போறதில்லை."

"பின்னே எதுக்கு போட்டுக்குக் காசு குடுத்துண்டு எர்ணாகுளம் போறேள்?"

"ரிடையர் வயசை அம்பத்தெட்டாக்குன்னு கேப்பேன்."

ஆட்டுக்கல் நின்றது. "அம்பத்தஞ்சுலயே வந்துடணும்னேளே?"

"வரத்தான் போறேன். அம்பத்தெட்டை அவர் தரவே மாட்டார். தந்தா, வேலைக்குக் காத்துண்டிருக்கற பசங்க கொடியைப் பிடிச்சுண்டு அவர் வாசல்ல உக்காந்துடுவா. நான் மேசையைத் தட்டுவேன். அவர் முடியாதும்பார். ஸ்டிரைக்கும்பேன். அவருக்கு வேர்க்கும். கடைசில, போனாப் போறது, பென்ஷனையாவது ஏத்துங்கோம்பேன். தப்பிச்சோம்டா சாமின்னு கையெழுத்துப் போட்டுடுவார்."

"அவர் சரின்னுட்டா?"

"சொல்ல மாட்டார்."

"சொன்னா?"

"அன்னிக்கு மட்டாஞ்சேரில மிளகு இனிக்கும்."

விசாலம் மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள். "அப்போ அடுத்த மாசத்துலேர்ந்து ஆத்துலயேதான் இருப்பேள்."

"கார்த்தாலேர்ந்து ராத்திரி வரைக்கும்."

"மத்தியானமும்?"

"மத்தியானம் எங்கடீ போவேன்? முதல்ல உன் சமையலறை. பருப்பு டப்பா எங்கே இருக்கணும், எந்தக் காயை முதல்ல நறுக்கணும், எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு வேணும். காமாலைல படுத்திருந்தப்போவே பாத்து வெச்சுட்டேன்."

அந்தக் காமாலை மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நெகிழும். வீட்டில் படுத்திருந்த அத்தனை நாளும் விசாலம் விடாமல் கேட்டாள், "டாக்டர் எப்போ ஆபீஸ் போகலாம்னார்?" என்று. என் உடம்பின் மேல் அவளுக்கு அப்படி ஓர் அக்கறை.

"கெட்டிக்காரர்தான்," என்றாள் விசாலம். "ஆனா ஒண்ணு. அவர் முதல்லயே பென்ஷனை நீட்டினாலும் பாஞ்சு பிடிச்சுக்கப்படாது. வெண்டைக்காய்க்காரன் முதல்ல சொல்ற விலைக்கு நான் வாங்கறேனா? ஒரு தடவை வேண்டாம்னு சொல்லணும். நன்னா சத்தம் போட்டுச் சொல்லணும்."

எனக்கே தோன்றாத யோசனை. பூரித்துப்போனேன். அவள் கையை அலம்பிக்கொண்டு, புடவையை மாற்றிக்கொண்டு, உங்களுக்காக வேண்டிக்கொண்டு வருகிறேன் என்று கோயிலுக்குப் புறப்பட்டாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. பாவம், எனக்காக எத்தனை பிரதட்சிணமோ!

மறுநாள் போட்டில் என் கூட வந்தவன் ஒச்சப்பன், யூனியன் துணைச் செயலாளர். மதுரைப் பக்கத்துக்காரன். திட்டத்தைக் கேட்டதிலிருந்து அவன் முகம் சரியில்லை.

"அண்ணே, அந்தாளு சரின்னுட்டாருன்னா?"

"உனக்குமா அந்தச் சந்தேகம்?"

"நம்ம இளவட்டப் பயலுக பூராவும் பிரமோஷனுக்குக் காத்துக் கெடக்கானுக. பெருசுக இன்னும் மூணு வருசம் நாக்காலிய விடாதுன்னு தெரிஞ்சா நம்மளைக் காயல்ல தள்ளிருவானுக."

"தள்ள மாட்டா. அவர் தர மாட்டார்," என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

டைரக்டருக்கும் எங்கள் மட்டாஞ்சேரிதான். இரண்டு தெரு தள்ளி வீடு. ஆனால் அவர் காரில் பாலம் ஏறி எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குறிப்பெடுக்க ஸ்டெனோ. சாயா வந்தது. யாரும் தொடவில்லை. வெளியே வராந்தாவில் யூனியன்காரர்கள் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

நான் மேசையைத் தட்டினேன். சாயா தளும்பியது.

"ஐம்பத்தெட்டு! அதுக்கு ஒரு நாள் குறைஞ்சாலும் திங்கட்கிழமை ஸ்டிரைக்!"

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். என் முதுகில் வேர்வை ஓடியது.

"வைத்தீஸ்வரன், பென்ஷனை ஏத்தித் தரேன். நீங்க கேட்ட அளவுக்கே. ஸ்டிரைக்கை விட்டுடறேளா?"

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. ஒச்சப்பன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். சரி என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அப்போது பார்த்து விசாலத்தின் வெண்டைக்காய்க்காரன் ஞாபகத்துக்கு வந்தான். ஒரு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நன்றாகச் சத்தம் போட்டு.

"பென்ஷன் யாருக்கு வேணும்?" என்று கர்ஜித்தேன். "உழைக்கிறவனுக்கு உழைக்க உரிமை வேணும்! ஐம்பத்தெட்டு!"

"எழுதிக்கோம்மா," என்றார் டைரக்டர் ஸ்டெனோவிடம். "பென்ஷன் உயர்வு யூனியனுக்கு வேண்டாம். ஐம்பத்தெட்டுதான் வேணும். நிர்வாகம் சம்மதிக்கறது."

"என்னது?"

"சம்மதம். உங்க உறுதி என்னை அசைச்சுடுத்து."

"இல்லை சார், போனாப் போறது, பென்ஷனையாவது..."

"முடிஞ்சு போச்சு, வைத்தீஸ்வரன். மினிட்ஸ்ல ஏறிடுத்து," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கலில் அத்தனை சந்தோஷம்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள். "வைத்தீஸ்வரன் சேட்டன் ஜிந்தாபாத்!" இளவட்டங்கள் ஜிந்தாபாத் போடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பும் போட்டில் நான் ஓரத்தில் உட்காரவில்லை. நட்டநடுவில், ஒச்சப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் கழுத்தில் மாலையோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் நாலைந்து ஜோடி செருப்பு. உள்ளே ஒரே சிரிப்பு. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிக்கொண்டு ஓடினேன். கூடத்தில் பாய் விரித்து மாமிகள் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் விசாலம். எதிரே அவளுடைய கூட்டாளியாக, கை நிறையச் சீட்டோடு, கமலாக்ஷி மாமி. டைரக்டர் அனந்தநாராயணனின் மனைவி.

"ஏன்னா, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துட்டேளே?" என்றாள் விசாலம், ஏமாற்றத்தோடு.

"இது... எத்தனை நாளா?"

"ஆச்சு, அஞ்சாறு வருஷம். உங்களுக்குக் காமாலை வந்தப்போதான் ஒரு மாசம் நின்னு போச்சு."

கமலாக்ஷி மாமி சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நேத்து சாயங்காலம் விசாலம் ஓடி வந்து சொன்னதும் எனக்குப் பகீர்னுது. எங்காத்துக்காரருக்கும் அடுத்த வருஷம் அம்பத்தஞ்சு. ரெண்டு பேரும் ஆத்துல உக்காந்துண்டா நாங்க எங்கே போவோம்? அவர்ட்ட, நாளைக்கு அந்த வைத்தீஸ்வரன் கேக்கறதைக் குடுத்துட்டு ஆத்துக்கு வாங்கோ, இல்லேன்னா வராதேங்கோன்னுட்டேன். பென்ஷன் தரேன்னு ஒரு வார்த்தை முதல்ல சொல்லிடுங்கோ, வேண்டாம்பார், அதை எழுதி வெச்சுக்கோங்கோன்னும் சொன்னேன். விசாலம் சொல்லித்தான்."

நான் மாலையைக் கழற்றினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூன்று வருஷம். பென்ஷனும் ஏறவில்லை. திங்கட்கிழமை அந்த இளவட்டங்களின் நடுவே போய் உட்கார வேண்டும். அப்படியே தூணில் சாய்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து விசாலத்துக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. சீட்டைக் கீழே கவிழ்த்துவிட்டு எழுந்து வந்து, தணிந்த குரலில் சமாதானம் சொன்னாள்.

"இதுக்குப் போய் இடிஞ்சு போறேளே? அம்பத்தெட்டு நெருங்கறச்சே அறுபது கேளுங்கோ. மாமி இப்பவே சரின்னுட்டா."