காரணகர்த்தாவின் கடைசிச் சுற்று

தோற்பவர்கள் உலகில் ஏராளம். ஒருநாளும் தோற்காமல், ஆனால் ஒவ்வொரு முறையும் கடைசியில் வந்து சேருகிறவர்கள் தனி இனம். அவர்களாகத் தோற்பதில்லை ஐயா, ஏதோ ஒன்று வந்து தோற்கடித்துவிடுகிறது! நம் பல் டாக்டர் அந்த இனத்தில் அசல் வார்ப்பு.

பகலில் அவர் நிதானத்தின் மறுபெயர். கடைவாய்ப் பல்லைக்கூட மயிலிறகால் வருடுவதுபோலப் பிடுங்குவார். ஞாயிறு சாயங்காலம் வந்தால் போதும், பின்னறைக் கதவைச் சாத்தி, மேஜையில் பூட்டிய ஸ்டீயரிங்கைப் பிடித்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நண்பர்களோடு ஆன்லைன் கார் பந்தயத்தில் குதித்துவிடுவார். ஆளுக்கொரு வீடு, எல்லோருக்கும் ஒரே ஓடுபாதை. கார்தான் பொய். ரோஷம் நிஜம்.

முதல் பந்தயத்தில் நெட் சரியில்லை. அடுத்ததில் பெடல் வழுக்கியது. பிறகு நாற்காலி உயரம். அப்புறம் மனைவி மிக்ஸி போட்டுக் கவனத்தைக் கெடுத்துவிட்டாள். அவள் மிக்ஸியைத் தொடாத வாரத்தில், "வீடு இவ்வளவு அமைதியா இருந்தா மனுஷனுக்குத் தூக்கம் வராதா?" என்று கேட்டார். நண்பர்கள் அவருக்குக் 'காரணகர்த்தா' என்று பட்டம் சூட்டினார்கள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

சீசனின் கடைசிப் பந்தயம் வந்தது. இருவர் இருவராக அணி. டாக்டருக்கு ஜோடி அவர் மனைவியின் தம்பி, வங்கி வேலைக்காரன், வேகத்தில் புலி. அவன் முதலாவதாக வந்தால் கோப்பை இருவருக்கும். டாக்டர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒன்றும் செய்யாமல் இருப்பது.

கடைசிச் சுற்று. முன்னணியில் பறந்து வந்த மச்சினன், ஒரு சுற்று முழுக்கப் பின்தங்கியிருந்த டாக்டரைத் தாண்ட நெருங்கினான்.

"மாமா, கொஞ்சம் ஒதுங்குங்க."

"ஒதுங்கறேன்டா, அவசரப்படாத."

ஒதுங்கத்தான் நினைத்தார். ஆனால் வளைவில் பக்கத்தில் ஒரு கார் மூக்கை நீட்டியதும், அடக்கிவைத்த ரோஷமெல்லாம் கைக்கு இறங்கிவிட்டது. ஸ்டீயரிங் திரும்பியது. இரண்டு கார்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரில் போய் மோதின. பின்னால் வந்த எதிரணி நண்பர், அச்சகக்காரர், அலுங்காமல் குலுங்காமல் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனார்.

 எல்லோரும் காரணத்துக்காகக் காத்திருந்தார்கள். கையில் காபியோடு வாசலில் நின்ற மனைவியும்தான். டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். நெட் ஜோராக இருந்தது. பெடல் அசையவில்லை. நாற்காலி புத்தம் புதுசு.

"என் தப்புதான்டா," என்றார்.  "நீ என்னைத் தாண்டிப் போறத என்னால பார்க்க முடியல."

"டாக்டர், உடம்புக்கு ஏதாவது...?" என்று பதறினார் அச்சகக்காரர்.

 மச்சினன் சிரித்துவிட்டான். "போகட்டும் மாமா. அடுத்த சீசனும் நாம ரெண்டு பேரும்தான். ஆனா நான் வர்றப்ப நீங்க கண்ண மூடிக்கோங்க."

டாக்டருக்கு நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்தாற்போல் இருந்தது. மனைவி காபியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? மறுநாள் காலைவரை திருந்தித்தான் இருந்தார். முதல் நோயாளி வாயைப் பிளந்து படுத்ததும் ஆரம்பித்தார்: "அந்த வளைவு இருக்கே சார், அத போட்டவனுக்கே ஓட்டத் தெரியாது." வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு அந்த நோயாளி என்ன மறுத்துவிட முடியும்?

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு நண்பரின் முகம் வந்து போயிருக்கும். அவருக்கு அனுப்பிவைக்கக் கையும் துறுதுறுக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்குமுன் போனை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அவர் உங்களுக்கு எப்போதோ அனுப்பிவிட்டார்.