அரை மாத்திரை வள்ளல்

கொடை கொடுப்பவர்களில் பல ரகம் உண்டு. கோயிலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்துவிட்டு, இறக்கையில் எழுதிய தன் பெயர் தெரியவேண்டும் என்பதற்காக அதை ஓடவிடாமல் நிறுத்திவைப்பவர், கல்யாணத்துக்கு வைத்த மொய்யை மூன்று தலைமுறைக்கு ஞாபகப்படுத்துபவர், கேட்காதவனுக்கும் புத்தி சொல்லிவிட்டுப் போகிறவர் என்று இவர்களையெல்லாம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். இது வேறு ரகம். டாக்டர் தனக்கென்று எழுதிக் கொடுத்த மாத்திரையை இரண்டாகக் கிள்ளி, பாதியைத் தான் விழுங்கி, மறுபாதியை ஊருக்கு வழங்குபவர். இவர்தான் அரை மாத்திரை வள்ளல். இவர் இல்லாத தெரு உண்டா?

ஆரணியில் இந்த ரகத்துக்கு அருணகிரியைப் பார்த்தால் போதும். சில தறிகளை வைத்துப் பட்டுச் சேலை நெய்வித்துச் சென்னைக் கடைக்குப் போடுகிறவர். தொண்ணூற்றேழாம் வருஷம் ஒருநாள், அந்தக் கடை முதலாளி சேலையை விரித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இந்த இடத்துல என்னய்யா இது?" என்று கேட்ட நொடியில் அருணகிரியின் நெஞ்சு விசைத்தறி போல் அடித்துக்கொண்டது. உள்ளங்கை நனைந்தது. காது அடைத்தது. செத்தோம் என்று நினைத்தார். சாகவில்லை. வேலூரில் ஒரு டாக்டர் எல்லாப் படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, இது பதட்டம் என்று சொல்லித் தினமும் காலையில் ஒன்று போட ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதினார்.

மாத்திரை கேட்டது. அடுத்த முறை கடை முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபோது அருணகிரி அவர் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டார். சேலையில் குறையே இருக்காது போலிருக்கிறது என்று பயந்து முதலாளி பேசாமல் எடுத்துவைத்துக்கொண்டார்.

இன்னொருவராக இருந்தால் இத்தோடு நின்றிருப்பார். வள்ளல் நிற்பாரா? அந்த மாத்திரையின் நடுவில் ஒரு கோடு இருந்தது.

"இன்னாங்க, டாக்டரு உங்களுக்கு முழுசுதானே எழுதினாரு?" என்று கேட்டாள் மனைவி பரிமளா.

"நடுவுல கோடு எதுக்கு போட்டுக்கீறான்? ஒருத்தனே முழுங்கணும்னா கோடு எதுக்கு?"

"பிஸ்கட்லகூடதான் கோடு கீது. அத்த ஊருக்கா குடுக்கறீங்க?"

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு வள்ளல்கள் பதில் சொல்வதில்லை.

நூல் அறுத்துப் பழகிய கட்டைவிரல் நகம். கோட்டின் மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் இரண்டு பாதியும் துளி உதிராமல் பிரியும். ஒன்றைப் போட்டுக்கொள்வார். மற்றதைத் தினக் காலண்டரில் கிழித்த தாளில் விபூதி மடிப்பது போல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் புறப்படுவார். யார் முகம் வாடியிருக்கிறது? யாருக்கு நாளைக்குப் பேங்க்கில் வேலை? எதிர்வீட்டு அபிதகுசாம்பாள் அத்தைக்கு மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லையா? இந்தா அரை. தறிக்காரன் பழனியின் மனைவிக்குப் பிரசவ நேரமா? பழனிக்கு அரை. கோடிவீட்டு வாலிபன் சின்னப்பையன் பெரணமல்லூருக்குப் பெண் பார்க்கப் போகிறானா? அவனுக்கு, விசேஷம் என்பதால், பஸ் ஏறும்போது அவரே வாயில் போட்டுத் தண்ணீரும் கொடுத்தார். பெரணமல்லூரில் இறங்க வேண்டிய மாப்பிள்ளை பல ஊர் தாண்டித் தெள்ளாரில் கண் விழித்தான். அந்தப் பெண் இப்போது வேறொருவர் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள்.

கொடுப்பதோடு கடமை முடியுமா? மறுநாள் காலையில் விளைச்சலைப் பார்க்க வருவார்.

"இன்னா பழனி, வாய் காஞ்சிதா?"

பழனி தறியை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பான். அதில் அப்படியோர் ஆவல். "காஞ்சிதுணா."

"லேசாவா, நல்லாவா?"

"நல்லாவே. ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சேன்."

"ஆங்! மருந்து புடிச்சிக்கிச்சி. தல சுத்திச்சா?"

"லேசா சுத்திச்சிணா."

"சுத்தும்! எனக்கு மொத வாரம் சுவத்த புடிச்சிகினுதான் நடந்தேன்."

ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் அவர் முகம் சுண்டிப்போகும். தன் மாத்திரையை அவமதித்ததாக எண்ணிக்கொண்டு போய்விடுவார். அதனால் தெருவில் எல்லோருக்கும் ஏதாவது ஆயிற்று. அபிதகுசாம்பாள் அத்தைக்குக் காலே தரையில் பாவவில்லை. ஒருவருக்குப் பெற்ற பிள்ளையின் பெயர் மறந்தது. இன்னொருவர் காரணமில்லாமல் சிரித்தார்.

இத்தனை நோயாளிகளை வைத்திருப்பவர் பெரிய டாக்டரிடம் ஆலோசனை கேட்கத்தானே வேண்டும்? வேலூருக்குப் போனபோது கேட்டார். ஆனால் யாருக்கு என்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் தனக்கென்றே சொன்னார்.

"வாய் காயுதுங்க. தல சுத்துது. கால் தரையில நிக்கல. பேரு மறந்துபோவுது. அப்பப்ப சிரிப்பு வருது. பஸ்ல ஏறினா எறங்கற எடம் தெரியல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "எல்லாம் உங்களுக்கேவா?"

"ஆமாங்க."

"ஒரே சமயத்திலா?"

"இல்லீங்க... மாத்தி மாத்தி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரிமளா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இந்த அளவு உங்கள் உடம்புக்கு அதிகம் போலிருக்கிறது. நானாகச் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. இன்றிலிருந்து தினம் பாதி மட்டும் போடுங்கள்" என்றார் டாக்டர். மருந்துக்கடைக்காரரும் அந்தக் கணக்குக்குத்தான் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அருணகிரி கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருக்கு மருந்து என்றுமே பாதிதான். அது அப்படியே இருக்கிறது. குறைந்துபோனது தருமம். இனி யாருக்காவது கொடுத்தால் அன்றைக்குத் தனக்கு இல்லை. தனக்கென்று போட்டுக்கொண்டால் வாடிய முகத்தைப் பார்த்தும் கையை வீசிக்கொண்டு நடக்க வேண்டும்.

"நல்லதாப் போச்சி. உங்க அரை உங்களுக்கு. தெருவும் கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கட்டும்" என்றாள் பரிமளா.

அந்த வாரமே சென்னையிலிருந்து ஆள் வந்தது. போன முறை எடுத்த சேலையில் கரை இழுத்துச் சுருக்கம் விழுகிறதாம். நெய்தவனையும் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம். பதில் சரியாக இல்லையென்றால் இந்தத் தறிகளோடு வியாபாரம் முடிந்ததாம். நெய்தவன் பழனி.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அருணகிரி அவனிடம் விஷயத்தைச் சொன்னார். "மொதலாளி மூஞ்சில முழிக்கணும்னா ஒரு மாதிரியாத்தான் கீதுணா" என்று பழனி பேச்சுக்குச் சொன்னான். அவ்வளவுதான். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. மறுநாள் காலைக்கென்று மடித்து வைத்திருந்த தன் அரையை எடுத்து நீட்டிவிட்டார். ஸ்டிரிப்பில் மிச்சம் இருந்ததைத் தொடவில்லை. டாக்டர் கணக்குத் தவறக்கூடாது என்பதில் அவர் அன்றைக்கு மட்டும் கண்டிப்பாக இருந்தார்.

காலையில் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. சேலை மூட்டையைப் பழனியிடம் தள்ளினார். சென்னை பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. அவரால் படியில் கால் வைக்க முடியவில்லை.

"நீ போய்டு பழனி. என்னால ஆவாது."

பழனி மூட்டையைக் கீழே வைத்தான். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்துத் திறந்தான். உள்ளே காலண்டர் தாள் மடிப்புகள். ஒன்றில் அமாவாசை தெரிந்தது. ஒன்றில் தீபாவளி. ஒன்றில் பொங்கல்.

"டாக்டர் கொறச்சிட்டாருன்னு கார்த்தால அண்ணி சொல்லிச்சி. அதான் எடுத்தாந்தேன். பழசு வேணாம்ணா, நேத்து குடுத்தத போட்டுக்குங்க. ஜல்தி, பஸ் போயிடும்."

அருணகிரி மடிப்புகளைப் பார்த்தார். "நீ சாப்பிடவேயில்லையா?"

"இல்லணா."

"வாய் காஞ்சிதுன்னியே?"

"நீங்க அவ்ளோ ஆசையா கேட்டீங்க. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"ரெண்டு சொம்பு தண்ணி?"

"அது நெசம். அன்னிக்கி குழம்புல உப்பு ஜாஸ்தி."

"அபிதகுசாம்பாள் அத்த?"

"அது அரிசி டப்பாவுல போட்டு வெச்சிருக்குது. வண்டு வராதாம்."

"தெருவுல ஒருத்தர்கூடவா சாப்பிடல?"

"சின்னப்பையன் சாப்ட்டான். நீங்கதானே வாயில போட்டு உட்டீங்க? அவன் ஒருத்தன்தான் தெள்ளார் போனான்."

அருணகிரி அந்த அரையை விழுங்கினார். அதற்கு முன் எதை விழுங்குவதும் அவருக்கு அத்தனை கஷ்டமாக இருந்ததில்லை. பழனி கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

செய்யாறு தாண்டியதும் நெஞ்சு அடங்கியது. அப்போதுதான் பக்கத்து இருக்கையைக் கவனித்தார். மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு ஓர் இளைஞன். முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அருணகிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி திரும்பினார். பழனியின் சுருக்குப்பை இப்போது அவர் மடியில் இருந்தது.

"தம்பி... இன்னா, இண்டர்வியூவா? மனசு பேஜாரா கீதா?"

பின் இருக்கையில் பழனி தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் உண்டு, அவர் பெயர்கூட நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் கொடுக்கிறவர் மட்டும் இருந்தால் இந்த ரகம் பெருகிவிடுமா? "காஞ்சிதுணா" என்று சொல்ல எதிரில் ஒருவர் வேண்டாமா? எதற்கும் உங்கள் சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையா? நல்லது. அப்படியே உங்கள் வீட்டு அரிசி டப்பாவையும் திறந்து பார்த்துவிடுங்கள்.