கன்னத்தால் பெயிண்ட் பார்த்தவர்

மைசூரில் பெயிண்ட் அடிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். பெயிண்ட் அடிக்காமலே ஒரு ரிசார்ட்டைக் கதிகலங்க வைத்தவர் உப்புத்தாள் ஒருவர்தான்.

நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தமிழக எல்லையோரத்து ஹனூர்க்காரர். மண்டி மொஹல்லாவில், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்வாங்கியே தீரவேண்டிய சந்தில் பட்டறை. எதைக் கொண்டுபோனாலும் முதலில் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். அதுவே பெயராகிவிட்டது.

நான் அப்போது நஞ்சன்கூடு சாலையில் ஒரு ரிசார்ட்டில் பராமரிப்பு அதிகாரி. விருந்தாளிகளை ஏற்றிப்போக அங்கே நான்கு கோல்ஃப் வண்டிகள். வெயிலில் வெளுத்துப்போன அவற்றுக்கு, ஓர் ஆளைப் பிடித்து ஒரே நாளில் பச்சை அடிக்க வைத்தேன். மூன்றே வாரத்தில் பெயிண்ட் அப்பளமாக உரிந்து, ஒரு மாப்பிள்ளையின் வெள்ளைப் பேன்ட்டில் ஒட்டிக்கொண்டு அவர் ஊருக்கே போய்விட்டது.

மேனேஜர் கூப்பிட்டார். "பத்து நாள்ல ஓனர் அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். வண்டி ரெடியா இல்லேன்னா நீங்க ரெடியா இருங்க."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. நேரே மண்டி மொஹல்லாவுக்கு ஓடினேன்.

உப்புத்தாள் வந்து, விரலை மடக்கி வண்டியை அங்கங்கே தட்டினார்.

"உடம்பு ஃபைபருங்க. முன்மூடி பிளாஸ்டிக்குங்க. பிளாஸ்டிக்குக்குத் தனி பிரைமர் போடோணும். தேய்க்காம, ரெண்டுக்கும் ஒண்ணையே பூசி வெச்சது யாருங்க?"

"யாரோ ஒரு ஆள்" என்றேன், தூரத்து மரத்தைப் பார்த்தபடி.

ஆறு நாள் தேய்த்தார். தண்ணீர் விட்டுத் தேய்ப்பார், துடைப்பார், கண்ணை மூடிக்கொண்டு வண்டிமேல் கன்னத்தை வைத்து மெல்ல இழுப்பார். ஒரு வெளிநாட்டுத் தம்பதி அதைப் படம்பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன்ரீ இது? முத்தம் குடுக்கறாரா?" என்று மேனேஜர் கன்னடம் கலந்து பதறினார்.

"கை காய்ச்சுப் போச்சுங்க, அதுக்கு மேடு பள்ளம் தெரியறதில்லை. கன்னத்துக்குத் தெரியும். அதுக்குன்னே தெனம் ரெண்டு தடவ சவரம் பண்றனுங்க."

ஏழாம் நாள் ஒருவழியாக ஸ்பிரே கன்னை எடுத்தார். கூடவே ஒரு சட்டம் வந்தது: தலைக்கு எண்ணெய் வைத்தவர்கள் ஷெட்டுக்குள் வரக்கூடாது. எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் நிற்காமல் விலகிக் குழி விழுமாம். மேனேஜரையே வாசலில் நிறுத்தி, தலையை மோந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்.

ஒன்பதாம் நாள், கடைசி வண்டியின் முன்மூடியில் பெயிண்ட் ஏறியதும் நாலு குழிகள் வாயைத் திறந்தன.

மேனேஜர் கத்தித் தீர்த்துவிட்டார். "ஒன்பது நாள் தேய்ச்சு இதுதானா? இதுக்கா உங்களைக் கூப்பிட்டோம்?" உப்புத்தாள் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு அந்தக் குழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை நாளில் அவர் முகம் வாடி நான் பார்த்தது அப்போதுதான்.

அன்று காலை அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது, வழவழப்பு எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று அந்த மூடியைத் தடவியவன் நான். அதற்குச் சற்றுமுன் தலையில் தேங்காய் எண்ணெய் தடவியவனும் நான்.

"சார், அது என் விரல். நாலு விரல்" என்றேன்.

மேனேஜர் என்னை முறைத்த முறைப்பில் வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். உப்புத்தாள்தான் நடுவில் வந்தார்.

"நீங்க போங்க சார். நாங்க பாத்துக்கறோம்."

நாங்க! ஈரத்தோடு பெயிண்டைத் துடைத்தெடுத்து, என் கையில் சோப்பையும் வாளியையும் கொடுத்தார். மத்தியானம் முழுக்க நான் தண்ணீர் ஊற்ற, அவர் தேய்த்தார். சாயங்காலம் மறுபடி பெயிண்ட் ஏறி, முன்மூடி கண்ணாடியாகப் பளபளத்தது.

மறுநாள் நான்கு வண்டிகளும் மண்டப வாசலில் நின்றன. ஓனரின் அம்மா, மேல்கோட்டைப் பக்கத்து அம்மாள், மடிசார் கட்டி மெதுவாக வந்தார். முன்மூடியில் தன் முகத்தைப் பார்த்துக் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஏறமாட்டேன் என்றுவிட்டார்.

"இவ்வளவு அழகா இருக்கு, இதுல போய்க் காலை வெப்பாளா? நான் நடந்தே வரேன்."

ஓனர் கெஞ்சினார், மேனேஜர் கும்பிட்டார். அம்மாள் அசையவில்லை. பத்து நாளாக அந்த வண்டிகளை ஈகூட உட்காரவிடாமல் காத்த உப்புத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏறுங்கம்மா. கீறல் விழுந்தா நான் தேய்ச்சுக்கறனுங்க."

அம்மாள் சிரித்துக்கொண்டே ஏறினார்.

நான் இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன். போன வாரம் யாரோ என் ஸ்கூட்டரில் நீளமாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டில் எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள். நான் மட்டும் சீட்டியடித்துக்கொண்டே மண்டி மொஹல்லாவுக்குக் கிளம்பினேன்.