பனி பார்க்க வந்த அத்தை

"இதைப் போய் பனிங்கறீங்களே மாப்பிள்ளை! இது ஆலங்கட்டி."

பால்கனியிலிருந்து ஓடோடி வந்து ரஸ்மி நீட்டிய உள்ளங்கையை எட்டிப் பார்த்துவிட்டு, வஸ்ஃபிய்யா அத்தை மறுபடியும் கம்பளிக்குள் சுருண்டுகொண்டாள். கையிலிருந்த வெள்ளை உருண்டைகள் ரஸ்மியின் நம்பிக்கையோடு சேர்ந்து கரைந்தன.

தப்பு அவனுடையதுதான். போன கோடையில் தெற்கே கடலோர ஊரான அகபாவில் ஒரு கல்யாணம். கடற்கரை வெக்கையில் வியர்த்து வழிந்தபடி, "எங்க அம்மான் நகரத்துல வருஷா வருஷம் பனி கொட்டும் அத்தை, ஒருநாள் வந்து பாருங்க" என்று அளந்துவிட்டிருந்தான். அகபாவில் குடியிருக்கும் அத்தை, ரஸ்மியின் மனைவி அபீருக்குச் சித்தப்பா மனைவி. ஜனவரி பிறந்ததுமே பெரிய பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள்.

"நான் பனியே பார்த்ததில்ல மாப்பிள்ளை. ஒரே ஒரு தடவை கண்ணால பார்த்துட்டேன்னா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுடுவேன்."

வானத்தில் மேகம் வந்தது, போனது. பனி மட்டும் வரவில்லை. படுக்கையறை அத்தைக்கு, சோபா ரஸ்மிக்கு. கேஸ் ஹீட்டர் அவள் பக்கம் திரும்பிக்கொண்டது. கால்பந்து ஆட்ட நேரத்தில் டிவியில் துருக்கித் தொடர் அழுதது.

"வருஷா வருஷம்னு யார் உங்களைச் சொல்லச் சொன்னா?" அபீர் சமையலறையில் கிசுகிசுத்தாள். "ஒரு வருஷம் ரெண்டு மூணு தடவை கொட்டும். அப்புறம் ரெண்டு வருஷம் எட்டிக்கூடப் பார்க்காது. இங்கேயே பொறந்தவருக்கு இது தெரியாதா?"

"கல்யாண வீட்ல போய் எவனாவது சராசரி சொல்லுவானா?"

ஃப்ரீசரைச் சுரண்டி ஒரு கிண்ணம் நிறைய எடுத்துப்போனான். "சும்மா மாதிரிக்கு, அத்தை."

"இதுல போன மாச ஆட்டுக்கறி வாசனை வருது" என்றாள் அவள்.

பனி வீட்டுக்கு வராவிட்டால் வீட்டைப் பனிக்குக் கூட்டிப்போக வேண்டியதுதான். மலைமேல் அஜ்லூனில் பனி கொட்டுகிறது என்று கேள்விப்பட்டதும் அத்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தான். பாதி வழியில் போலீஸ்காரர் கைகாட்டினார்.

"மேலே ஒரே பனி. பாதையை மூடியாச்சு. திரும்புங்க."

"அந்தப் பனியைத்தான் சார் அத்தைக்குக் காட்டணும்!"

"அத்தைக்கு வீட்ல சூடா சூப் வெச்சுக் குடுங்க. போங்க."

வீடு திரும்புவதற்குள் அத்தை தும்ம ஆரம்பித்தாள். பயணமே கூடாது, நல்ல ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது ரஸ்மியின் கம்பளிக் காலுறைகளும் அவள் காலில். வேளைக்கு வேளை பருப்பு சூப் வைப்பதும் ரஸ்மிதான்.

சளி இறங்கிய மறுநாள்தான் வானொலி அந்த அமுதமொழியைச் சொன்னது. இன்று அம்மானில் பனி வரும்!

ஊர் தலைகீழானது. பனி கொட்டினால் கடைகள் மூடிவிடுமே என்று ரொட்டிக் கடை வரிசை தெருமுனையைத் தாண்டியது. வருஷமெல்லாம் ரொட்டியையே பார்க்காதவர்கள் போல ஆளுக்கு ஒரு மூட்டை அள்ளினார்கள்.

"வருமா நிஜமா?" என்றார் வரிசையில் ரஸ்மிக்கு முன்னால் நின்றவர்.

"வந்தே ஆகணும் சார்! இனியும் சோபான்னா என் முதுகு தாங்காது!"

மத்தியானம் மழை சட்டென்று நின்றது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஓர் அமைதி. பிறகு ஒன்று, இரண்டு, பத்து என்று பஞ்சு பஞ்சாய் வானமே உதிரத் தொடங்கியது.

"அத்தை! அத்தேய்! வந்துடுச்சு!"

மொட்டைமாடிக்கு ஓடினார்கள். கார்கள் ஹாரன் அடித்தன. எதிர்வீட்டு வக்கீல் பைஜாமாவோடு ஆடினார். ரஸ்மி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சுற்றினான். நாக்கை நீட்டிப் பனியைப் பிடித்தான். இன்றிரவு சொந்தக் கட்டில்!

அத்தையோ பக்கத்து மாடிக்காரரிடமிருந்து மண்வாரியைப் பிடுங்கி, வடிகால் வாயை மடமடவென்று சுத்தம் செய்தாள். "அடைச்சுக்கிச்சுன்னா கூரை ஒழுகும் மாப்பிள்ளை." பிறகு ஓர் உருண்டையை அழுத்திப் பிடித்து வீசினாள். அது ரஸ்மியின் காதில் சரியாக வந்து அறைந்தது.

"முதல் தடவையிலேயே என்ன குறி அத்தை!" ரஸ்மி கைதட்டினான். "ஆசை தீர்ந்துச்சா? பாதை திறந்ததும் நானே பஸ் ஏத்தி விடறேன்."

"அவசரப்படுத்தாதீங்க மாப்பிள்ளை. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை வரும்னு அபீர் சொன்னாளே. மிச்சத்தையும் பார்த்துட்டே போறேன்."

ரஸ்மி உடனே அகபாவுக்குப் போன் போட்டான். எடுத்தவர் அத்தையின் கணவர் லுத்ஃபி.

"மாமா, சந்தோஷமான சேதி! அத்தை வாழ்க்கையில முதல் தடவையா பனியைப் பார்த்துட்டாங்க! எப்ப வந்து கூட்டிட்டுப் போறீங்க?"

"முதல் தடவையா? அவ பொறந்து வளர்ந்ததே ஷோபக் மலையில, கழுத்தளவு பனியில. நான் மன்னிப்புக் கேட்டாத்தான் திரும்பி வருவாளாம்; என்கிட்ட சண்டை போட்டுட்டுப் போயிருக்கா மாப்பிள்ளை, நான் கேட்கிறதா இல்ல!"